ராஜினாமா கடிதம் எழுதும் முன்: கடும் நோயும் இ.எஸ்.ஐ. மருத்துவ விடுப்பும்

என் சித்தி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 9 வருடம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர். 46 வயதில் மார்பில் கட்டி வந்தது. பயாப்சி எடுத்தார்கள், புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது. லீவு கேட்கப் போன இடத்தில் ரொம்ப அன்பாகத்தான் பேசினார்களாம். "எத்தனை மாசம் ஆகும்னு தெரியாதுல்லக்கா, முதல்ல உடம்பைப் பாருங்க. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, கணக்கை முடிச்சுத் தந்துடறோம்." சித்தி படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அது ராஜினாமா கடிதம்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விவரம் தெரியாது. பல மாதம் கழித்து ஒரு தொழிற்சங்க அண்ணன் உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்கப்புறம்தான் சித்தி எதை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார் என்பது எங்களுக்குப் புரிந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் எவருக்கும், அவர் குடும்பத்துக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடும் நோய் வந்தவருக்கு மூன்று கவலைகள் ஒரே நேரத்தில் வருகின்றன. ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன செய்வது? வேலைக்குப் போகாத நாட்களில் வீட்டுச் செலவு எப்படி ஓடும்? குணமான பிறகு வேலை இருக்குமா? நாம் எல்லாவற்றையும் சேர்த்து "லீவு" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் சட்டத்தில் இந்த மூன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு இருக்கிறது. கம்பெனி எடுத்துக்கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும், வீட்டு வாடகையைக் கட்டாது. சம்பளத்துடன் கூடிய லீவு சில வாரம் தாங்கும், 10 மாத சிகிச்சைக்குத் தாங்காது. மூன்றையும் ஒரே இடத்தில் ஓரளவுக்காவது தாங்கிப் பிடிப்பது இ.எஸ்.ஐ. என்று நாம் சொல்லும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்தான். "அங்கே மாத்திரைதானே கொடுப்பார்கள்" என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் பெரிய பலன் மாத்திரையில் இல்லை.

இ.எஸ்.ஐ. சட்டம் 1948இல் வந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் வந்த ஊர் கோயம்புத்தூர், 1955இல். மில் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் என்பதால் அங்கே முதலில் வந்தது பொருத்தம்தான். இன்றைக்கு 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை, கடை, ஓட்டல், தனியார் பள்ளி, மருத்துவமனை என்று பெரும்பாலான இடங்கள் இதில் அடங்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் சேர்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை. தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் போட வேண்டும். 18,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் 135 ரூபாய் பிடித்தம், முதலாளி பங்கு 585 ரூபாய். பே ஸ்லிப்பில் அந்த 135 ரூபாயைப் பார்த்து "வீணாப் போகுது" என்று சலித்துக்கொள்பவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். சித்தியும் அப்படிச் சொன்னவர்தான்.

சரி, நோய் வந்துவிட்டது. என்ன கிடைக்கும்?

முதல் கட்டம் நோய்க்கால உதவித்தொகை. வேலைக்குப் போக முடியாது என்று இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று கொடுத்தால், சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள் கிடைக்கும். இந்தப் பணத்தை முதலாளி கொடுப்பதில்லை. இ.எஸ்.ஐ. கழகம் நேராக உங்கள் வங்கிக் கணக்கில் போடுகிறது. "கம்பெனி நிலைமை சரியில்லை, லீவு சம்பளம் எல்லாம் தர முடியாது" என்று யாராவது சொன்னால் பதில் எளிது: அவர்கள் கையிலிருந்து ஒரு பைசாவும் கேட்கவில்லை, ஆளை நீக்காமல் இருந்தால் போதும்.

இதற்கு ஒரு தகுதி உண்டு. வருடத்தை இரண்டு சந்தா காலமாகப் பிரித்திருக்கிறார்கள்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு சந்தா காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் அதற்குரிய பலன் காலத்தில் பணம் பெறலாம். ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்கு அடுத்த ஜனவரி–ஜூன் பலன் காலம். அக்டோபர்–மார்ச் சந்தாவுக்கு ஜூலை–டிசம்பர். ஆகஸ்டில் ஒருவருக்கு நோய் தெரிய வந்தால், அவர் போன அக்டோபரிலிருந்து மார்ச் வரை எத்தனை நாள் வேலை செய்தார் என்று பார்ப்பார்கள். இந்த மூன்று மாத இடைவெளி முதலில் குழப்பும். காகிதத்தில் 12 மாதத்தையும் எழுதிக் கோடு போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

முதல் 2 நாளுக்குப் பணம் இல்லை. ஆனால் முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மறுபடியும் படுத்தால் இந்த 2 நாள் கழிவு கிடையாது. சின்ன விஷயமாகத் தோன்றும். கீமோ எடுப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. பல கீமோ சுற்றுகள் 21 நாளுக்கு ஒருமுறை வரும். ஊசி போட்ட வாரம் எழுந்து உட்கார முடியாது, அப்புறம் இரண்டு வாரம் சமாளித்து வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் 2 நாள் கழிந்தால் மொத்தத்தில் எவ்வளவு போகும் என்று பாருங்கள். 15 நாள் விதி அதைத் தடுக்கிறது.

91 நாள் தீர்ந்த பிறகு?

இங்கேதான் பலருக்குத் தெரியாத இரண்டாவது கட்டம் வருகிறது. நீட்டித்த நோய்க்கால உதவித்தொகை என்று சொல்லலாம். நீண்ட நாள் சிகிச்சை தேவைப்படும் 34 நோய்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். புற்றுநோய், காசநோய், தொழுநோய், எய்ட்ஸ், பக்கவாதம், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, அறுவை சிகிச்சை தேவைப்பட்ட இதய நோய், நீர் கோத்த கல்லீரல் சுருக்கம், பார்க்கின்சன், மனச்சிதைவு, முதுகுத் தண்டு வட்டு விலகல், சீழ் பிடித்த பெரிய தீக்காயம் எல்லாம் அதில் உண்டு. இவற்றுக்கு 91 நாளுக்குப் பிறகும் பணம் தொடரும். அதுவும் 70 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக உயர்ந்து வரும். முதலில் 124 நாள், நிபுணர் பரிந்துரைத்தால் 309 நாள் வரை. முந்தைய 91ஐயும் சேர்த்தால் 400 நாள். அதற்கு மேலும் தேவைப்பட்டால் மருத்துவக் குழு பார்த்து மொத்தம் 2 வருடம் வரை நீட்டிக்க வழி இருக்கிறது.

தகுதி: நோய் தொடங்கும்போது 2 வருடத் தொடர்ச்சியான வேலையும், முந்தைய நான்கு சந்தா காலத்தில் சேர்த்து 156 நாள் சந்தாவும் இருக்க வேண்டும். கம்பெனி மாறிக்கொண்டே இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புதுக் கம்பெனியில் சேரும்போது "ஏற்கெனவே இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கா?" என்று கேட்டால் பழைய 10 இலக்க நம்பரையே கொடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் புது நம்பர் வாங்கினால் உங்கள் பழைய சந்தா எல்லாம் வேறு ஆள் பெயரில் கிடப்பது போல ஆகிவிடும்.

இனி சித்தியின் கணக்கு. அவருடைய சராசரி தினக்கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கீமோ, அறுவை சிகிச்சை, அப்புறம் சில வாரக் கதிர்வீச்சு. மொத்தம் ஏறக்குறைய 300 நாள். முதல் 91 நாளுக்கு நாளுக்கு 280 வீதம் 25,480 ரூபாய். மீதி 209 நாளுக்கு நாளுக்கு 320 வீதம் 66,880 ரூபாய். இரண்டும் சேர்ந்து 92,360 ரூபாய். கம்பெனிக்கு ஒரு ரூபாய் செலவில்லாத பணம். அந்த 10 மாதத்தில் எங்கள் வீட்டில் இரண்டு வளையல் அடகுக்குப் போய்த் திரும்பவே இல்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கையெழுத்து கேட்டவர்மேல் மட்டும் அல்ல, விவரம் தெரியாமல் இருந்த எங்கள்மேலும்.

இனி வேலை. 1948ஆம் வருடச் சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது இது: நோய்க்கால உதவித்தொகை பெறும் காலத்திலும், சான்றுடன் சிகிச்சையில் இருக்கும் காலத்திலும் தொழிலாளியை நீக்கக் கூடாது, பதவி குறைக்கக் கூடாது, வேறு விதத்திலும் தண்டிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் கொடுத்த பணிநீக்க நோட்டீஸ் செல்லாது. இதற்கு எல்லை இல்லாமல் இல்லை. சாதாரண நோயென்றால் தொடர்ந்து 6 மாதமும், காசநோய், புற்றுநோய், மனநோய், பக்கவாதம் போன்ற நோயென்றால் தொடர்ந்து 18 மாதமும் கடந்த பிறகு, பணி நிபந்தனை இடம் கொடுத்தால், முறையான நோட்டீஸ் கொடுத்து நீக்க முதலாளிக்கு ஒழுங்குமுறை விதிகள் இடம் வைத்தன. அந்த 18 மாதம் என்பது பெரிய அவகாசம். மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை பெரும்பாலும் அதற்குள் முடிந்து ஆள் எழுந்து நடமாடத் தொடங்கியிருப்பார்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுக்க முதலாளி நீக்குவதைப் பற்றியது. நீங்களே ராஜினாமா செய்தால் அங்கே பாதுகாக்க எதுவும் இல்லை. அதனால்தான் சில இடங்களில் நீக்காமல், கையெழுத்துக் கேட்கிறார்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, இ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. திட்டம் தொடர்கிறது, பிரிவு எண்கள் மாறிவிட்டன. புகாரோ மனுவோ எழுதும்போது பழைய எண்ணை அப்படியே எடுத்துப் போடாமல் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலோ சங்கத்திலோ கேட்டு எழுதுங்கள்.

நடைமுறையில் சறுக்கும் இடங்கள் சில உண்டு. தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. இரண்டு கையில் இருக்கிறது. டிஸ்பென்சரியையும் பெரும்பாலான இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளையும் மாநில அரசு நடத்துகிறது. பணம் கொடுக்கும் கிளை அலுவலகம் மத்திய அரசின் கழகத்தைச் சேர்ந்தது. டாக்டரிடம் பணத்தைப் பற்றிக் கேட்டால் அவருக்குத் தெரியாது, கிளை அலுவலகத்தில் மருந்தைப் பற்றிக் கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. முதல் முறை போகிறவர்கள் இங்கேயும் அங்கேயும் அலைந்து, வெறுத்துப்போய் விட்டுவிடுவது இதனால்தான். டாக்டரிடமிருந்து சான்று, கிளை அலுவலகத்தில் கிளெய்ம் என்று மனதில் வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

சான்று இடைவெளி இல்லாமல் தொடர வேண்டும். ஒரு சான்று முடியும் நாளுக்கும் அடுத்தது தொடங்கும் நாளுக்கும் நடுவில் நான்கு நாள் விட்டுப்போனால், அந்த நான்கு நாளும் பணமும் இல்லை, கம்பெனிக் கணக்கில் சொல்லாமல் நின்ற நாளாகவும் ஆகிவிடும். இரண்டாவதாக, உதவித்தொகை வாங்கும் காலத்தில் டாக்டர் அனுமதி இல்லாமல் வெளியூர் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. திருப்பூர், ஓசூர், அம்பத்தூர் பக்கம் வேலை செய்கிறவர்களில் எத்தனையோ பேர் தென்மாவட்டத்துக்காரர்கள். உடம்பு முடியாமல் போனால் அம்மா வீட்டுக்குப் போவதுதான் இயல்பு. போங்கள், ஆனால் டாக்டரிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்திருந்தாலும் அந்தச் சான்றைக் கிளை அலுவலகத்தில் மாற்று ஆதாரமாகக் கொடுத்துப் பார்க்கலாம், அவர்கள் தங்கள் மருத்துவரைக் கொண்டு சரிபார்ப்பார்கள்.

இன்னொன்று. சம்பளத்துடன் லீவு எடுத்த நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் வராது, ஒரே நாளுக்கு இரண்டும் கிடையாது. எனவே சேர்த்துவைத்த லீவை முதலிலேயே தீர்த்துவிடாதீர்கள். சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகும் மாதத்துக்கு ஒரு நாள் பரிசோதனை, ஒரு நாள் ஸ்கேன் என்று தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். அப்போது அந்த லீவு உதவும்.

கம்பெனி சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கழகத்துக்குக் கட்டாமல் இருந்தால்? அதற்கு நீங்கள் பொறுப்பு அல்ல. கழகம் உங்களுக்குப் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள 1948 சட்டத்திலேயே வழி வைத்தார்கள். உங்களிடம் பே ஸ்லிப் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் பே ஸ்லிப்பைக் கசக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களின் நிலை, உள்ளபடி சொன்னால், இதைவிடப் பலவீனம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இன்படி வருடத்துக்கு 12 நாள் நோய் விடுப்பு, தகுந்த காரணத்துக்கு இன்னொரு 12 நாள், ஒரு வருடம் வேலை செய்தவருக்கு மேலும் 12 நாள், எல்லாம் சம்பளத்துடன். 36 நாளும் சேர்த்து எடுத்தாலும் இரண்டு கீமோவுக்கு மேல் தாங்காது. அதற்கப்புறம் கம்பெனியின் சொந்த விதிகள்தான் கதி. ஆனால் அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு, 6 மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. நீக்கினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். பணி நியமனக் கடிதத்தையும் கம்பெனியின் லீவு விதியையும் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து அந்தப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை.

அரசு ஊழியர்கள் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். மத்திய அரசில் வருடத்துக்கு 20 நாள் அரைச் சம்பள விடுப்பு சேர்ந்துகொண்டே வரும், மருத்துவச் சான்று இருந்தால் அதில் இரண்டு நாளை ஒரு முழுச் சம்பள நாளாக மாற்றிக்கொள்ளலாம். மாநில அரசுக்கும் தனி விடுப்பு விதிகள் உண்டு. பணிக்காலத்தில் நோயால் உடல் குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரை நீக்கக் கூடாது, செய்யக்கூடிய வேறு வேலைக்கு அதே சம்பளத்தில் மாற்ற வேண்டும் என்று 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. இந்த ஏற்பாடு தனியார் கம்பெனிகளுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

பி.எஃப். வைத்திருக்கிறவர்கள் அதையும் மறக்க வேண்டாம். புற்றுநோய், காசநோய், பக்கவாதம், இதய நோய், பெரிய அறுவை சிகிச்சை இவற்றுக்காக அதிலிருந்து முன்பணம் எடுக்கலாம். வேலையை விட்டால்தான் பி.எஃப். பணம் வரும் என்று நினைத்து ராஜினாமா செய்தவர்களும் இருக்கிறார்கள். அது தேவையே இல்லை.

சிகிச்சை முடிந்ததும் டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று பிட்னஸ் சர்ட்டிபிகேட் கொடுப்பார். அதைக் காட்டித்தான் வேலைக்குத் திரும்ப வேண்டும். கையை உயர்த்த முடியவில்லை, நின்றுகொண்டு வேலை செய்ய முடியவில்லை என்றால் அதையும் சான்றில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் "சாக்கு சொல்றாங்க" என்பார்கள், டாக்டர் எழுதினால் கேட்பார்கள்.

கடைசியாக, ராஜினாமா கடிதத்துக்குப் பதிலாக எழுத வேண்டிய கடிதம். நீளமாக எழுத வேண்டியதில்லை. எந்த நோய் என்று கம்பெனிக்கு விவரமாகச் சொல்ல விருப்பமில்லை என்றால் "தீவிர சிகிச்சை" என்று எழுதினாலே போதும்.

"மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் தையல் பிரிவில் 9 வருடமாக வேலை செய்கிறேன். எனக்குத் தீவிர சிகிச்சை தேவைப்படுவதால் 10ஆம் தேதி முதல் வேலைக்கு வர இயலவில்லை. இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்றின் நகலை இணைத்துள்ளேன். சிகிச்சை தொடரும் வரை அடுத்தடுத்த சான்றுகளை அனுப்பிவைப்பேன். உடல் தகுதிச் சான்று கிடைத்ததும் வேலைக்குத் திரும்புவேன். இந்தக் காலத்தை மருத்துவ விடுப்பாகக் கருதும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு நகல் எடுத்து ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை அந்தப் பே ஸ்லிப் கவரிலேயே போட்டு வையுங்கள்.